திரும்பி வரும் மீன்கள் – 5: பஞ்சடைத்த மூக்கு

கடந்த வாரம் ஆர்தர் ஹாஸ்லரை மெண்டோட்டா ஏரிக்கரையில் நிறுத்தியிருந்தோம். இந்த வாரம்தான் தொடருக்குள் வருகிறவர்களுக்காகச் சுருக்கமாக: 1908-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், லீஹை என்ற ஊரில் பிறந்தவர். மார்மன் சபையின் ஊழியராக இளம் வயதில் ஜெர்மனிக்குப் போய், அந்த மொழியைப் பேசப் பழகியவர். 1937-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, மேடிசன் நகரிலேயே ஆசிரியராக அமர்ந்தார்.

அவருடைய ஆசிரியர் சான்சி ஜூடே. ஜூடேயின் மூத்த சகா எட்வர்ட் பர்ஜ். அமெரிக்க ஏரியியலுக்கு அடித்தளம் போட்டவர்கள் இந்த இருவர்தான். விஸ்கான்சினின் நூற்றுக்கணக்கான ஏரிகளில் படகு விட்டு ஆழம், வெப்பம், ஆக்சிஜன், உப்பு என்று அளந்து அளந்து ஏடுகளை நிரப்பினார்கள். ஹாஸ்லர் அந்த ஏடுகளை மதித்தார். ஆனால் அவருடைய ஆர்வம் வேறு பக்கம் இழுத்தது. தண்ணீரை அளப்பதோடு நிற்காமல் அதில் ஏதாவது ஒன்றை மாற்றிப் பார்க்க வேண்டும், மீன் என்ன செய்கிறது என்று கவனிக்க வேண்டும்.

அப்படி அவர் மாற்றிப் பார்த்த ஒரு சிறு விஷயம்தான் இந்த வாரக் கதை. செலவு என்று பார்த்தால் கொஞ்சம் பஞ்சு.

★

முதலில் புதிரைச் சொல்லிவிடுகிறேன்.

நம்மூர் மீன் கடைகளில் ‘இந்தியன் சால்மன்’ என்று காலாவைக் காட்டுவார்கள். அதற்கும் இந்தக் கதைக்கும் தொடர்பில்லை. இங்கே நாம் பேசுவது வட பசிபிக் கடலின் கோஹோ சால்மன். பக்கவாட்டில் பளபளப்பதால் வெள்ளிச் சால்மன் என்றும் பெயர்.

இலையுதிர் காலத்தில் தாய் மீன் ஓடையின் சரளைக் கற்களை வாலால் கிளறிக் குழி பறித்துச் சினையிடும். குளிரெல்லாம் கற்களுக்கடியில் கிடந்து பொரிக்கும் குஞ்சுகள் ஓராண்டு அல்லது அதற்குச் சற்று மேல் அதே ஓடையில் வளரும். பிறகு ஒரு வசந்தத்தில் உடல் வெள்ளி நிறமாக மாறி, நீரோட்டத்தோடு கடலுக்கு இறங்கிவிடும். கடலில் சுமார் ஒன்றரை ஆண்டு. அங்கே தின்று கொழுத்துப் பெருத்த மீன், பருவம் வந்ததும் கரை தேடி, ஆற்று முகத்துவாரம் தேடி, ஆற்றில் கிளை தேடி, கிளையில் ஓடை தேடி மேலே ஏறும். நன்னீருக்குள் நுழைந்த பிறகு சாப்பாடு கிடையாது. ஆண் மீனின் தாடை கொக்கியாக வளையும், உடம்பு சிவக்கும். சினையிட்டு முடித்ததும் ஆணும் பெண்ணும் செத்துப்போகும்.

ஏதோ ஓர் ஓடையில் ஏறுவதோடு விஷயம் முடிவதில்லை. தான் பிறந்த ஓடையிலேயே ஏறுகிறது.

இது செம்படவர் கதையாக நெடுங்காலம் இருந்தது. கணக்காக மாறியது கனடாவில். ஃபிரேசர் ஆற்றின் ஒரு கிளையில் 4,69,326 சாக்ஐ சால்மன் குஞ்சுகளுக்கு அடையாளமிட்டு விட்டார்கள். குஞ்சுகளில் பெரும்பாலானவை கடலில் எதற்கோ இரையாகிவிடும், அது எதிர்பார்த்ததுதான். பிழைத்து வந்தவற்றில் கிட்டத்தட்ட 11,000 மீன்கள் அதே கிளையில் பிடிபட்டன. வேறு ஓடையில் வழி தவறி ஏறியதாக ஒன்றுகூடச் சிக்கவில்லை.

எப்படி?

மோப்பம்தான் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியவர் இங்கிலாந்தின் ஃபிராங்க் பக்லேண்ட். எதையும் தின்று பார்க்கும் விசித்திர மனிதர் அவர். சொன்னாரே தவிர, சோதிக்கவில்லை. 1920-களில் கிரெய்கி என்ற கனடிய ஆய்வாளர் சால்மனின் மோப்ப நரம்பையே வெட்டிவிட்டுப் பார்த்தார். தெளிவான முடிவு கிடைக்கவில்லை. அதோடு அந்த யோசனை அலமாரிக்குப் போய்விட்டது.

ஒருவருக்கு ஊகம் இருந்தது, இன்னொருவருக்குக் கத்தி இருந்தது. மீனுக்குப் புரிகிற கேள்வி இருவரிடமும் இல்லை.

★

1945. ஐரோப்பாவில் போர் முடிந்திருந்தது. ஜெர்மனி மீது விழுந்த குண்டுகள் என்னென்ன விளைவித்தன என்று மதிப்பிட அமெரிக்கா ஓர் அளவைக் குழுவை அனுப்பியது. ஜெர்மன் தெரிந்த ஹாஸ்லர் அதில் ஒருவர்.

அந்தப் பயணத்தில் அவர் தேடிச் சென்று சந்தித்த மனிதர் கார்ல் வான் ஃபிரிஷ்.

தேனீக்களின் நடனத்தைப் படித்தவர் என்றுதான் இன்று அவரை உலகம் அறியும். அவர் தேனீக்காரர் மட்டுமல்லர், மீன்காரரும்கூட. மீனுக்கு நிறம் தெரியும், மீனுக்குக் காது கேட்கும் என்று ஆசிரியர்கள் ஒப்புக்கொள்ளாத காலத்தில் நிரூபித்துக் காட்டியவர். நாஜி அரசு அவருடைய பாட்டி வழியில் யூத ரத்தம் இருப்பதைத் தோண்டியெடுத்து வேலையைப் பறிக்கப் பார்த்தது. தேனீக்களைக் கொள்ளை கொள்ளையாகக் கொன்ற நோசிமா நோய்க்கு அவர் ஆராய்ச்சி தேவைப்பட்டதால் தப்பித்தார். முனிச்சில் அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் அறக்கட்டளைப் பணத்தில் எழுந்த அவருடைய ஆய்வுக்கூடம், நேச நாடுகளின் குண்டுவீச்சில் இடிந்தது. அவர் ஆஸ்திரியாவில், வொல்ஃப்காங் ஏரிக்கரையின் புருன்விங்கிளில் இருந்த குடும்ப வீட்டுக்கு ஒதுங்கியிருந்தார். குண்டுச் சேதத்தைக் கணக்கெடுக்க வந்த குழுவின் ஆள் அவர் வாசலில் வந்து நின்றது விசித்திரமான சந்திப்பு. பேசியது மீனைப் பற்றி.

வான் ஃபிரிஷின் கைவசம் ஒரு நல்ல கதை இருந்தது. 1938-இல் கெண்டைக் குடும்பத்துப் பொடிமீன் கூட்டம் ஒன்றுக்கு அவர் தீனி போட்டுப் பழக்கியிருந்தார். ஒரு மீனை மட்டும் தனியாக அடையாளம் காண, அதன் வால் பக்கத்து நரம்பு ஒன்றை வெட்டிவிட்டார். வெட்டினால் உடம்பின் பின்பாதி கறுத்துவிடும், சுலபமாகத் தெரியும். அந்த மீனைத் திரும்பக் கூட்டத்தில் விட்டதும் மற்ற மீன்கள் மிரண்டு விலகி ஓடின. நாள்கணக்கில் பயம் தெளியவில்லை.

காயம்பட்ட தோலிலிருந்து ஏதோ ஒன்று நீரில் கரைந்திருக்கிறது. பிற மீன்கள் அதை மோந்திருக்கின்றன. தோலை மட்டும் அரைத்து நீரில் கலந்து ஊற்றினாலும் கூட்டம் சிதறியது.

இந்தக் கதையில் ஹாஸ்லருக்குப் பாடம் எங்கே இருந்தது என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். மீனுக்கு மூக்கு கூர்மை என்பது பெரிய செய்தியில்லை. மீனுக்கு ஒரு பழக்கத்தைக் கற்பித்து, அந்தப் பழக்கத்தையே கேள்வித்தாளாக மாற்றலாம் என்பதுதான் செய்தி. தீனிக்குப் பழகிய மீன் ஆம் என்றும் சொல்லும், இல்லை என்றும் சொல்லும். நரம்பறுந்த மீனால் எதையும் சொல்ல முடியாது.

★

அடுத்த ஆண்டு, 1946 கோடை. ஹாஸ்லர் குடும்பத்தோடு விடுமுறைக்குச் சொந்த மாநிலத்துக்குப் போயிருந்தார்.

வசாட்ச் மலைத்தொடரில் டிம்பனோகோஸ் என்றொரு மலை. லீஹையிலிருந்து தலை நிமிர்ந்தாலே தெரியும். அதில்தான் அவர் சிறுவயதில் ஏறித் திரிந்தார். அன்று பாதை ஒரு பாறை மடிப்பைச் சுற்றிப் போனது. மடிப்புக்கு அந்தப் பக்கம் ஓர் அருவி. அது இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை.

பாறையைச் சுற்றிக் குளிர்ந்த காற்று வந்தது. பாசியின் வாடையும், அங்கே பூக்கும் காட்டுப் பூவின் வாசமும் அதில் கலந்திருந்தன.

அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத அருவி முழுதாக மனத்தில் எழுந்து நின்றது. அருவியோடு, பல ஆண்டுகளாக நினைக்கவே நினைக்காத சிறுவயதுத் தோழர்களும் அவர்கள் பெயர்களும் வந்து சேர்ந்தன.

எனக்கு இப்படி என்றால் சால்மனுக்கு ஏன் இப்படி இருக்கக்கூடாது? பாறை மடிப்பருகே நின்று அவர் கேட்டுக்கொண்ட கேள்வி இது. பிற்காலத்தில் அவரே எழுதிய சம்பவம்.

விஞ்ஞானிகள் தங்கள் கண்டுபிடிப்பு பிறந்த கணத்தைச் சொல்லும்போது நான் கொஞ்சம் உஷாராகிவிடுவேன். சொல்லச் சொல்லக் கதை வழவழப்பாகும். இதிலும் பாதிப் பெருமையை மலைக்கும் பாதிப் பெருமையை மேடிசனுக்கும் கொடுப்பதே நியாயம். ஏனென்றால் அதே ஆண்டுகளில் தியோடர் வாக்கர் என்ற மாணவரோடு சேர்ந்து, பொடிமீன்களால் நீர்த்தாவரங்களை வாசனையை வைத்தே வேறுபடுத்த முடியுமா என்று ஹாஸ்லர் சோதித்துக்கொண்டிருந்தார். முடியும் என்று 1949-இல் வெளியிட்டார்கள். காட்டுப் பூவின் வாசம் வந்தபோது அவருடைய மனம் ஏற்கெனவே அந்தத் திசையில்தான் இருந்தது.

ஆனாலும் மலை ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தது. வாசனை வேறு, நினைவு வேறு. பக்லேண்டிடம் வாசனை இருந்தது. டிம்பனோகோஸில் ஹாஸ்லருக்குக் கிடைத்தது நினைவு. குஞ்சுப் பருவத்தில் ஓடையின் வாடை மூளையில் பதிந்துவிடுகிறது, கடலில் கழித்த காலம் அதை அழிப்பதில்லை, திரும்பும்போது அந்தப் பதிவே வழிகாட்டுகிறது. வாத்துக் குஞ்சு முதலில் பார்த்ததைத் தாயாகப் பதித்துக்கொள்ளும் என்று கொன்ராட் லோரன்ஸ் காட்டியது நினைவிருக்கும். அந்தப் பதிவைக் கண்ணிலிருந்து மூக்குக்கு நகர்த்தினார் ஹாஸ்லர்.

இதை ஒரு வாதமாக ஒழுங்குபடுத்தினால் மூன்று படிகள் வரும். ஒவ்வோர் ஓடைக்கும் தனி வாடை இருக்க வேண்டும். மீனால் அதை இனம் காண முடிய வேண்டும். குஞ்சில் பதிந்தது பெரிய மீனிடம் மிஞ்சியிருக்க வேண்டும்.

படிகளில் ஏற ஒரு துணை கிடைத்தது. பெயர் வாரன் விஸ்பி. ஹாஸ்லரின் ஆராய்ச்சி மாணவர்.

★

விஸ்பி இரண்டு ஓடைகளைத் தேர்ந்தெடுத்தார். இரண்டும் விஸ்கான்சினில்தான். ஆட்டர் ஓடை குவார்ட்சைட் பாறைக் குன்றுகளிலிருந்து வருவது. ஹனி ஓடை டோலமைட் சுண்ணப்பாறை நிலத்தின் வழியே வருவது. பாறை வேறு, மண் வேறு, கரையில் மட்கும் செடி வேறு. ஒவ்வோர் ஓடையும் தன் காட்டின் கஷாயம்.

இரண்டு தண்ணீரையும் மேடிசனுக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணாடித் தொட்டியில் பொடிமீன்கள். ஓர் ஓடையின் நீர் குழாய் வழியே உள்ளே வந்தால் தீனி கிடைக்கும். மற்ற ஓடையின் நீர் வந்தால் லேசான மின் அதிர்ச்சி. சில வாரங்களில் மீன்கள் பாடம் படித்துவிட்டன. பிறகு தீனியும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை, வெறும் தண்ணீர் மட்டும் வந்தது. ஒரு தண்ணீரை நோக்கி விரைந்தன, மற்றதிலிருந்து விலகின.

அடுத்தது மூக்கு. மோப்பத் திசுவைச் சுட்டு அழித்த மீன்களிடம் அதே தண்ணீரை விட்டார்கள். அவற்றுக்கு இரண்டும் ஒன்றாகிப்போயின.

வேறொரு பருவத்தில் மொண்டு வந்த நீரையும் மீன்கள் அடையாளம் கண்டன. இது முக்கியம். ஓடையின் வாடை மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று மாறிக்கொண்டே இருந்தால் ஆண்டுகள் கழித்து வரும் மீனுக்கு அதனால் என்ன பயன்?

அந்த வாடை என்ன பொருள்? நீரை எரித்துக் கிடைத்த சாம்பலைச் சுத்த நீரில் கரைத்துக் கொடுத்தால் மீன் கண்டுகொள்ளவில்லை. ஆக, உப்பும் கனிமமும் இல்லை. எளிதில் ஆவியாகும் கரிமப் பொருள் ஏதோ ஒன்று. அதற்கு மேல் வேதியியல் அன்று வழி விடவில்லை.

1951-இல் கட்டுரை வெளியானது. முதல் இரண்டு படி ஏறியாயிற்று. ஆனால் தொட்டியில் இருந்தது பொடிமீன். சால்மன் இல்லை. மேடிசனைச் சுற்றி இருந்த தண்ணீரில் கோஹோவே கிடையாது.

சால்மனிடம் கேட்க வேண்டுமென்றால் பசிபிக் கரைக்குத்தான் போக வேண்டும்.

★

வாஷிங்டன் மாநிலம். சியாட்டில் நகருக்குக் கிழக்கே இஸ்ஸக்வா என்றொரு சிறிய ஊர். அதன் ஓடை சம்மாமிஷ் ஏரியில் போய் விழுகிறது. ஊரருகே ஓடை இரண்டாகப் பிரிகிறது. மீனின் பார்வையில் பிரிகிறது என்று சொல்ல வேண்டும். நீரின் பார்வையில் இரு கிளைகள் சேர்கின்றன. ஒன்று இஸ்ஸக்வாவின் பிரதான ஓடை, மற்றது கிழக்குக் கிளை. இரண்டிலும் கோஹோ ஏறுகிறது.

1952 இலையுதிர் காலம். இரு கிளைகளிலும் பொறி வைத்துப் பிடித்த சினைப் பருவ மீன்கள் 302. ஒவ்வொன்றுக்கும் எந்தக் கிளையில் பிடிபட்டது என்று அடையாளம்.

இங்கே நின்று மீனின் மூக்கைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். நம் மூக்கைப் போல அது தொண்டையில் திறப்பதில்லை. மூச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மூச்சு செவுள் வழியே. கண்ணுக்கு முன்னால் பக்கத்துக்கு ஒரு சிறு குழி. குழிக்கு இரண்டு வாய். முன்வாயில் நீர் புகுந்து, உள்ளே மலரிதழ் போல் மடிந்து கிடக்கும் மோப்பத் திசுவைத் தடவிக்கொண்டு, பின்வாயில் வெளியேறும். நீந்த நீந்த இது நடந்துகொண்டே இருக்கும்.

ஆகவே அந்தக் குழியை அடைத்துவிட்டால் மீனுக்கு மூச்சு முட்டாது, பார்வை போகாது, நீச்சல் கெடாது. கிரெய்கி செய்ததுபோல் மண்டையைத் திறந்து நரம்பை வெட்ட வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு துண்டுப் பஞ்சு போதும்.

302-இல் ஏறக்குறையப் பாதிக்குப் பஞ்சு. மற்றவை அதேபோல் பிடிபட்டு, அடையாளமிடப்பட்டு, மூக்கை மட்டும் திறந்தபடி வைத்திருந்தன. எல்லா மீன்களையும் இரு கிளைகளும் சேரும் இடத்துக்குக் கீழே கொண்டுபோய் நீரில் விட்டார்கள்.

இனி மீன்கள் மறுபடியும் மேலே ஏற வேண்டும். மறுபடியும் அதே கவைக்கு வர வேண்டும். வலமா, இடமா என்று மறுபடியும் தீர்மானிக்க வேண்டும்.

மேலே பொறிகள் திறந்திருந்தன.

★

திரும்பப் பிடிபட்டவை 143 மீன்கள்.

மூக்கு திறந்திருந்தவற்றை முதலில் பார்ப்போம். பிரதான ஓடையில் பிடித்திருந்தவற்றில் 46 மீன்கள் சிக்கின. 46-ம் பிரதான ஓடையில்தான். கிழக்குக் கிளையில் ஒன்றும் இல்லை. கிழக்குக் கிளையைச் சேர்ந்தவற்றில் 27 சிக்கின. 19 சரியாகக் கிழக்குக் கிளைக்கே போயிருந்தன, 8 தவறிப் பிரதான ஓடையில் ஏறியிருந்தன.

இனி பஞ்சடைத்தவை. பிரதான ஓடை மீன்கள் 51. அவற்றில் 39 பிரதான ஓடைக்குப் போயின, 12 கிழக்கே போயின.

இங்கே படிக்கிறவர்கள் பலரும் தடுக்கி விழுவார்கள். மூக்கை அடைத்த பிறகும் 51-இல் 39 சரியாகத்தானே போயிருக்கின்றன? நாலில் மூன்று! மோப்பம் தேவையே இல்லை போலிருக்கிறதே?

அடுத்த எண்ணைப் பாருங்கள். பஞ்சடைத்த கிழக்குக் கிளை மீன்கள் 19. அவற்றில் கிழக்கே போனவை வெறும் 3. மீதி 16-ம் பிரதான ஓடையில் ஏறிவிட்டன.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எந்தக் கிளையிலிருந்து வந்த மீனாக இருந்தாலும், மூக்கை அடைத்ததும் பெரும்பாலும் பெரிய ஓடையின் பக்கமே போகிறது. 70-இல் 55. எங்கிருந்து வந்தோம் என்பது அதன் தேர்வில் எந்த வித்தியாசத்தையும் உண்டாக்கவில்லை. அந்த 39 மீன்கள் ‘சரியாக’ப் போனது தற்செயல். அவற்றின் ஓடையே பெரிய ஓடையாக அமைந்துவிட்டது.

கிழக்குக் கிளை மட்டும் இந்தச் சோதனையில் இல்லாதிருந்தால் இந்த உண்மை வெளிவந்திருக்காது. ஆய்வு எப்படித் திட்டமிடப்பட வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லித்தர நான் ஓர் உதாரணம் தேட வேண்டியிருந்தால் இந்த 3 என்ற எண்ணைத்தான் எழுதிக் காட்டுவேன்.

பஞ்சு மீனை முடக்கிவிட்டது, அதனால்தான் குழம்பியது என்று ஒருவர் வாதிடலாம். அதற்கும் எண்ணிலேயே பதில் கிடைக்கிறது. மூக்கு திறந்தவற்றில் திரும்பி ஏறியவை 73. பஞ்சடைத்தவற்றில் 70. ஏறும் வேகம் உடம்பில் அப்படியே இருந்திருக்கிறது. எங்கே திரும்புவது என்பதுதான் தொலைந்திருக்கிறது.

ஒழுங்கற்ற எண்ணும் இதில் உண்டு. மூக்கு திறந்திருந்தும் தவறிய அந்த 8. அதை ஹாஸ்லரும் விஸ்பியும் மறைக்கவில்லை. முதலில் பிடிபட்டபோதே சில மீன்கள் கிழக்குக் கிளையில் சும்மா ஏறிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். கவைக்கு வரும் சால்மன் ஒரு கிளையில் கொஞ்ச தூரம் போய், மனம் மாறி இறங்கி, மற்றதில் ஏறுவது உண்டு. அப்படியானால் அந்த எட்டும் தவறவே இல்லை, நம் பதிவேடுதான் தவறியது.

1954-இல் கனடாவின் மீன்வள ஆராய்ச்சி இதழில் முடிவுகள் வெளியாயின.

★

வெற்றிதானே? பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. மோப்பத்தால் வீடு திரும்பும் மீன் என்பது யாருக்கும் பிடித்துப்போகும் செய்தி.

ஆனால் மேலே சொன்னதை இன்னொரு முறை நிதானமாக யோசித்துப் பாருங்கள். அந்த மீன்கள் எந்தக் கிளையில் பிடிபட்டன என்று தெரியும். எந்தக் கிளையில் பிறந்தன என்று தெரியுமா?

தெரியாது.

சில நாள்களுக்கு முன் ஒரு கிளையில் ஏறியிருந்த மீன், கீழே கொண்டுபோய் விட்டதும் மறுபடி அதே கிளைக்குத் திரும்பியது. அதற்கு மூக்கு தேவைப்பட்டது. இஸ்ஸக்வா நிரூபித்தது இவ்வளவுதான். நேற்றைய வாடையை இன்று நினைவு வைத்திருந்தாலே இதற்குப் போதுமே. குஞ்சுப் பருவத்தில் பதிந்தது ஆண்டுகள் கழித்தும் நிற்கிறது என்ற மூன்றாம் படி, டிம்பனோகோஸ் மலையில் உதித்த அந்தப் படி, அப்படியே ஏறப்படாமல் இருந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நினைவு என்று எதற்குச் சொல்ல வேண்டும்? அந்த ஓடையின் வாடை மீது ஈர்ப்பு, தலைமுறை தலைமுறையாகப் பிறப்பிலேயே வந்திருக்கலாமே? தாயும் பாட்டியும் அதே ஓடைதான். கற்றதா, பிறவிக்குணமா என்று இயற்கையான ஓடையை வைத்துப் பிரிக்கவே முடியாது. பிறந்த மீனுக்கும் பிறந்த இடத்துக்கும் இடையிலான முடிச்சை யாராவது வேண்டுமென்றே அவிழ்க்க வேண்டும்.

ஹாஸ்லரும் விஸ்பியும் அதற்கு ஒரு துணிச்சலான வழியை யோசித்தார்கள். எந்த ஓடையிலும் இல்லாத வாடை ஒன்றைத் தேடுவது. அதைக் குஞ்சு வளரும் நீரில் சொட்டுச் சொட்டாகக் கலப்பது. குஞ்சுகள் பெரிதாகித் திரும்பும் காலத்தில், அவை பார்த்தேயிராத ஓர் ஓடையில் அதே வாடையைச் சொட்டவிடுவது. பாட்டிக்குத் தெரியாத வாடை அது. மீன் ஏறினால் அது கற்றதுதான், வேறு பேச்சில்லை.

பொருள் தேட வேண்டும். நீரில் நன்றாகக் கரைய வேண்டும், சீக்கிரம் சிதைந்துவிடக் கூடாது. மிக மிகக் குறைந்த அளவிலும் மீன் அதை உணர வேண்டும். பழக்கப்படாத மீனை அது இழுக்கவும் கூடாது, விரட்டவும் கூடாது. விஸ்பி ஒவ்வொன்றாகச் சோதித்துத் தள்ளிக்கொண்டே வந்தார். கடைசியில் தேறியது மார்ஃபோலின். தொழிற்சாலைக் கொதிகலன்களில் துரு பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம். காட்டுப் பூவின் வாசத்தில் தொடங்கிய ஆராய்ச்சி, கொதிகலன் மருந்தில் வந்து நின்றது!

பொருள் கையில் இருக்கிறது. திட்டம் தெளிவாக இருக்கிறது. இல்லாதது மீன். ஆயிரக்கணக்கில் குஞ்சு வளர்க்க வேண்டும், அவற்றைப் பெரிய நீரில் விட்டு ஒன்றரை ஆண்டு காத்திருக்க வேண்டும், எந்த ஓடைக்கு வந்தாலும் பிடித்து எண்ண வேண்டும். பசிபிக்கோ பாதிக் கண்டத்துக்கு அப்பால். மேடிசனுக்குப் பக்கத்தில் கடல் அளவுக்கு ஒரு நீர்ப்பரப்பு உண்டு, மிச்சிகன் ஏரி. அன்று அதில் கோஹோ சால்மன் இல்லை. 1954-இல் ஹாஸ்லருக்கு வயது 46.

பதில் கிடைக்க இருபதாண்டுக்கு மேல் ஆகப் போகிறது. அதற்கு வழி திறந்துவிட்டது இன்னொரு மீன். அட்லாண்டிக்கிலிருந்து கால்வாய் வழியாகப் புகுந்து மிச்சிகன் ஏரியை நிறைத்து, கோடையில் கரையெல்லாம் செத்து ஒதுங்கி நாறிய ஏல்வைஃப். அதை ஒழிக்க வந்த வேட்டை மீன், ஹாஸ்லரின் கொதிகலன் மருந்துக்கு எப்படி வந்து சேர்ந்தது? தான் பிறக்காத, தன் முன்னோர் யாரும் பார்த்திராத ஓர் ஓடையில், வெறும் சில சொட்டு ரசாயனத்தை நம்பி அது ஏறியதா?

(அடுத்த வாரம்)